ஒரு மில்லிமீட்டர் ஆயுசு!

2014-ல் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாஸடர் தயாரிப்பு நின்றுபோனது. ஆனால், நம் ஊரில் அம்பாஸடர் நிற்கவில்லை. நின்றால்தான் பரவாயில்லையே... மாமரத்தடியில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது!

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வரும் பேரனுக்குத் திடீரென்று பாசம் பொங்கும். ‘‘தாத்தா காரை ஓட்டியே தீரணும்!’’ புது பாட்டரி வரும். பெட்ரோல் வரும். தள்ளுவதற்கு நாலு பேர் வருவார்கள். வண்டி இருமும், செருமும், திடுதிப்பென்று ஸ்டார்ட் ஆகும். பின்னாலிருந்து கிளம்பும் புகையைப் பார்த்து, ‘கொசு மருந்து அடிக்க வந்துட்டாங்க’ என்று தெருப் பிள்ளைகள் குஷியாகப் பின்னால் ஓடி வரும்.

புகைக்கும் ஒரு பாஷை உண்டு. கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது. கெட்டி வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால் தண்ணீர் உள்ளே கசிகிறது. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. தாத்தா கார் விடுவது பெரும்பாலும் நீலம். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரி சர்ஜன் மாதிரி ஒரே வரியில் தீர்ப்பு சொல்வார்.

‘‘இறக்கிப் பார்த்துடலாம் சார்.’’

இறக்குவது கஷ்டமில்லை. ஒரு செயின் பிளாக்கும் இரண்டு ஆட்களும் போதும். திரும்ப ஏற்றுவதும் கஷ்டமில்லை. இறக்கியதற்கும் ஏற்றுவதற்கும் நடுவில் நடக்கிற விஷயத்தில்தான் தாத்தா காரின் தலையெழுத்தே இருக்கிறது.

எத்தனை தடவை வெட்டலாம்?

அம்பாஸடரின் பழைய பெட்ரோல் இன்ஜின் இங்கிலாந்து ‘பி.எம்.சி.’ கம்பெனியின் ‘பி சீரிஸ்’ குடும்பத்தைச் சேர்ந்தது. 1489 சி.சி., நாலு சிலிண்டர். 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே 1489 சி.சி. இன்ஜின்தான், இரண்டு கார்புரேட்டர் மாட்டி! ஆக, உங்கள் தாத்தா கார் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பங்காளி. அடுத்த தடவை யாராவது ‘டப்பா’ என்றால் சொல்லிவைக்கலாம்.

இந்த இன்ஜினின் அஸ்திவாரம், வார்ப்பு இரும்பால் ஆன ப்ளாக். அதில் பிஸ்டன் ஏறி இறங்கும் ஒவ்வொரு துளையும் 2 7/8 அங்குல விட்டம். அதாவது 73.025 மில்லிமீட்டர். பிஸ்டன் லட்சக்கணக்கான கிலோமீட்டருக்கு ஏறி இறங்கினால் துளை தேயும். தேய்ந்த துளையைச் சீராக வெட்டி, கொஞ்சம் பெரிதாக்கி, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன் போடுவதற்குப் பெயர்தான் ரீபோரிங்.

பட்டறையில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை ‘தௌ’ என்பார்கள். நம் தலைமுடியின் கனம் சுமாராக 2, 3 தௌ. இந்த இன்ஜினுக்குப் பெரிய சைஸ் பிஸ்டன்கள் 10, 20, 30, 40 தௌ என்று நாலு படியாக வந்தன. கடைசிப் படியான 40 தௌவை மில்லிமீட்டரில் சொன்னால்... 1.016!

யோசித்துப் பாருங்கள். கல்யாண ஊர்வலம், தேர்தல் பிரசாரம், பிரசவத்துக்கு நடுராத்திரி ஆஸ்பத்திரி ஓட்டம் என்று மூன்று தலைமுறைக்கு உழைத்த இன்ஜினுக்குக் கடவுள் கொடுத்த மொத்த ஆயுசு ஒரே ஒரு மில்லிமீட்டர். அதையும் நாலு தவணையாகத்தான் செலவு பண்ண முடியும்.

இங்கேதான் ஆபத்து. ‘‘20 தௌ பிஸ்டன் கிடைக்கலை. 40 போட்டுடுவோம் சார், எல்லாம் ஒண்ணுதான்’’ என்று ஒரு குரல் கேட்கும். ஒண்ணு இல்லை. முதல் படியில் இருக்கும் ப்ளாக்கை ஒரே வெட்டில் கடைசிப் படிக்குத் தள்ளுவது, ஆரம்பப் பள்ளிப் பையனை நேராக ரிடையர்மென்ட் பார்ட்டிக்கு அழைத்துப் போவது மாதிரி. துணியில் ஒட்டுப் போடலாம். வெட்டிய இரும்பை ஒட்ட முடியாது.

‘வேற ப்ளாக் வாங்கிக்கலாமே... புதுப்பேட்டையில் கிடைக்காதா?’ என்று கேட்கலாம். கிடைக்கலாம். ஆனால், ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருப்பது உங்கள் இன்ஜினின் நம்பர். ப்ளாக் மாறினால் நம்பர் மாறும். அப்புறம் வண்டி ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம்! 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயதைத் தாண்டிய வண்டிகளை ‘வி.ஏ.’ என்ற தனி எழுத்தோடு விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் உருவத்தில் இருக்க வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. பிறந்தபோது இருந்த ப்ளாக்கோடு இருப்பதுதான் பழைய காருக்கு மரியாதை.

டயர் சிம்மாசனம்

நம் ஊர்ப் பட்டறைகளில் இறக்கிய இன்ஜினுக்கு ஒரு நிரந்தர ஆசனம் உண்டு. பழைய டயர்! அதன் மேல் உட்காரவைத்து, எதிரே மேஸ்திரி குந்திக்கொண்டு, பக்கத்தில் பையன் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க, எத்தனையோ இன்ஜின்கள் உயிர் பெற்றிருக்கின்றன. டயரைக் குறை சொன்னால் பாவம்.

ஆனால், அதில் ஒரு சங்கடம். ஹெட் மேலே இருக்கிறது, கிராங்க் கீழே இருக்கிறது. கீழே பார்க்க வேண்டுமென்றால், ‘‘ஏலேலோ ஐலசா’’ என்று மூன்று பேர் சேர்ந்து புரட்ட வேண்டும். முழு இன்ஜின் இரண்டு ஆள் எடைக்குக் குறையாது. அதனால் என்ன ஆகும்? ஒரு தடவை புரட்டுவார்கள். இரண்டாவது தடவை அலுத்துக்கொள்வார்கள். மூன்றாவது தடவை, ‘‘அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும்... மூடுடா’’ என்பார்கள். பார்க்காமல் விட்ட அந்த ஒரு இடம்தான் ஆறு மாதம் கழித்துத் திண்டிவனம் பைபாஸில் வேலையைக் காட்டும்.

இன்ஜின் ஸ்டாண்டு இந்த அலுப்புக்குத்தான் மருந்து. கீழே சக்கரம் வைத்த சட்டம். அதிலிருந்து கெட்டியான ஒரு தூண். தூணின் தலையில் சுழலும் தட்டு. தட்டில் நகர்த்தக்கூடிய நாலு கைகள். கியர்பாக்ஸ் பொருந்தும் பின்பக்கத் துளைகளில் இந்த நாலு கைகளையும் போல்ட் போட்டு இறுக்கினால், இன்ஜின் அந்தரத்தில் நிற்கும். ஊசியைப் பிடுங்கித் திருப்பினால் தலைகீழாகும். மறுபடி ஊசியைச் செருகினால் அப்படியே நிற்கும். தோசையைத் திருப்புகிற மாதிரி, எத்தனை தடவை வேண்டுமானாலும்!

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. மூன்று சக்கர ஸ்டாண்டு விலை மலிவு. ஆனால், முன்சக்கரம் தரையில் கிடக்கும் ஒரு நட்டில் தடுக்கினால் போதும், மொத்தமும் குப்புறச் சாயும். அகலமான நாலு சக்கரமே உத்தமம். ஸ்டாண்டு தாங்குவதாக ஒட்டியிருக்கும் எடை, உங்கள் இன்ஜின் எடையைப்போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். உள்ளூர் வெல்டிங் கடையில் அடித்துக்கொள்வதாக இருந்தால் தூணுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே சாய்வுத் தாங்கல் கட்டாயம்.

மாட்டுகிற முறையிலும் சூட்சுமம் இருக்கிறது. முதலில் கிளட்ச், ஃப்ளைவீல் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். போல்ட்டின் தலையில் தரக்குறி பொறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரம் குறைந்த இரும்பு வேண்டாம். போல்ட் தன் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்காவது மரைக்குள் இறங்கியிருக்க வேண்டும். இரண்டு சுற்றுப் பிடித்த போல்ட், விருந்தாளி நாற்காலி நுனியில் உட்காருவது போல. எப்போது எழுந்து போகும் என்று தெரியாது.

சுழலும் அச்சு, இன்ஜினின் எடை மையத்துக்கு நேராக வரும்படி கைகளை நகர்த்திக்கொள்ளுங்கள். பொதுவாக அது கிராங்குக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். தவறாக வைத்தால் ஊசியைப் பிடுங்கியதும் இன்ஜின் தானாகவே ‘தடால்’ என்று சுற்றும். நடுவில் கை இருந்தால் கை போச்சு. நாலு போல்ட்டும் இறுகும்வரை செயின் பிளாக்கைக் கழற்றக் கூடாது. ஆயிலை வடிக்காமல் திருப்பினால், அன்றைக்குப் பட்டறைத் தரைக்கு எண்ணெய்க் குளியல்!

கேப்புக்குக் கேப்பு மாறாதே!

பிரிக்கும்போது அவசரம் ஆகாது. கிராங்கைத் தாங்குகிற மெயின் பேரிங் கேப்புகள் இந்த இன்ஜினில் மூன்று. தொழிற்சாலையில் அவற்றை ப்ளாக்கோடு சேர்த்து மாட்டிவைத்துத்தான் துளையை முடித்திருக்கிறார்கள். ஆகவே, முதல் கேப் முதல் இடத்துக்குத்தான் பொருந்தும். திசை மாற்றிப் போட்டாலும் தகராறுதான். கனெக்டிங் ராடும் அப்படியே. ஜோடி மாறினால் வாழ்க்கை முழுக்கச் சத்தம். எழுத்து அழிந்து போயிருந்தால், கழற்றுமுன் பஞ்சால் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளி குத்திவைப்பது பழைய மேஸ்திரிகளின் வழக்கம்.

இன்னொன்று, ஸ்பேனர். இந்த இன்ஜின் அங்குலக் கணக்கில் பிறந்தது. அரை அங்குல போல்ட் தலை என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13 ஸ்பேனரைப் போட்டால் பொருந்துவது போலவே இருக்கும். துருப்பிடித்த போல்ட்டில் அழுத்தித் திருகினால் முனை மழுங்கும். அப்புறம் உளி, சுத்தியல், கெட்ட வார்த்தை மூன்றும் தேவைப்படும்.

ப்ளாக் மட்டும் மிஞ்சியதும் ஸ்டாண்டிலிருந்து இறக்கிக் குளிப்பாட்ட வேண்டும். காஸ்டிக் சோடா கலந்த கொதிநீரில் ஊறவைத்தால் பல வருஷத்துக் கரியும் கசடும் கழன்று போகும். வார்ப்பு இரும்பு இதைத் தாங்கும். அலுமினியம் தாங்காது, அரித்துவிடும். அதனால் பிஸ்டனையோ அலுமினியப் பாகங்களையோ அந்தத் தொட்டிப் பக்கமே காட்டாதீர்கள். உங்கள் கையையும்தான்!

ப்ளாக்கின் பக்கவாட்டில் நாலணா, எட்டணா மாதிரி வட்ட மூடிகள் தெரியும். இன்ஜினை வார்க்கும்போது உள்ளே தண்ணீர் வழிக்காக மண் அச்சு வைப்பார்கள். அந்த மண்ணை வெளியே எடுப்பதற்கான ஓட்டைகள்தான் அவை. பிறகு மெல்லிய தகடு வைத்து அடைத்துவிடுகிறார்கள். வருஷக்கணக்கில் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டியில் இந்தத் தகடுகள் உள்பக்கமிருந்து துருப்பிடித்து, அப்பளமாகியிருக்கும். அத்தனையையும் கழற்றி, உள்ளே படிந்த உப்பையும் துருவையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும். ‘அம்பாஸடர்னாலே சூடாகும் சார்’ என்பவர்கள் பலருக்கு, குற்றவாளி இந்த உப்புதான் என்பது தெரியாது.

விரிசல் இருக்கிறதா? மெஷினே இல்லாமல் கண்டுபிடிக்க ஒரு பாட்டி வைத்தியம் உண்டு. சந்தேகப்படும் இடத்தில் மண்ணெண்ணெய் தடவி ஊறவைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைப் பூசி வையுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பூச்சில் ஈரக்கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

இருபத்து நாலு அளவு

இப்போது ப்ளாக் மறுபடி ஸ்டாண்டில். இனிமேல்தான் முக்கிய கட்டம்.

துளை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. மேல்பக்கம்தான் அதிகம் தேயும். ரிங் அங்கே ஒரு கணம் நின்று திரும்புகிறது. எரிகிற சூடும் அழுத்தமும் அங்கேதான் உச்சம். ஆயிலும் அங்கே குறைவு. அது போதாதென்று, கனெக்டிங் ராடு பிஸ்டனை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளுவதால் அந்தப் பக்கம் கூடத் தேயும். ஆக, வட்டமாகப் பிறந்த துளை முட்டை வடிவாகவும், மேலே அகன்று கீழே குறுகியும் போய்விடும். ரிங் தொடாத உச்சி விளிம்பு மட்டும் தேயாமல் வரப்பு மாதிரி நிற்கும். விரல் நகத்தை உள்ளிருந்து மேலே ஓட்டிப் பாருங்கள், ‘டக்’கென்று தடுக்கும்.

‘‘ரிங் மட்டும் மாத்திடலாம் சார், செலவு மிச்சம்’’ என்பவரிடம் இந்த வரப்பைக் காட்டுங்கள். புது ரிங்கின் கூர்மையான விளிம்பு அதில் மோதினால் ரிங் உடையும்.

அளக்கும் முறை இது. ஒவ்வொரு துளையிலும் மேல், நடு, கீழ் என்று மூன்று உயரம். ஒவ்வோர் உயரத்திலும் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று. ஆறு அளவு. நாலு சிலிண்டருக்கு இருபத்து நாலு. போர் கேஜ் வைத்து எடுத்து, நோட்டில் எழுத வேண்டும். தீப்பெட்டி அட்டையில் இல்லை, நோட்டில்! வெயிலில் கிடந்த ப்ளாக்கை அளக்காதீர்கள். 20 டிகிரி சூடு கூடினால் இந்தத் துளை அரை தௌவுக்கு மேல் விரியும். இருபத்து நாலில் மிக மோசமான அளவைப் பார்த்து, அதைச் சுத்தமாக்கப் போதுமான மிகச் சிறிய படி எது என்று முடிவு செய்ய வேண்டும். 10 போதுமென்றால் 20 வேண்டாம்.

அடுத்தது, பலரும் தலைகீழாகச் செய்யும் விஷயம். முதலில் போரிங் போட்டுவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடுவார்கள். தப்பு! முதலில் பிஸ்டன் செட்டை வாங்குங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுத் துளையை வெட்ட வேண்டும். மாப்பிள்ளையைப் பார்க்காமல் சட்டை தைப்பதுண்டா?

40 தௌவையும் தாண்டித் தேய்ந்துவிட்டதா? அப்போதும் கதை முடியவில்லை. துளையை இன்னும் பெரிதாக வெட்டி, இரும்பு லைனரை அழுத்தி இறக்கி, பழையபடி 2 7/8 அங்குலத்துக்கே கொண்டு வரலாம். ஆனால், இது பைபாஸ் ஆபரேஷன். சுவர் எவ்வளவு கனம் மிச்சமிருக்கிறது என்று தெரிந்த கைகாரரிடம்தான் போக வேண்டும்.

வெள்ளை வேட்டி டெஸ்ட்

போரிங் முடிந்ததும் ஹோனிங். கல் வைத்துச் சுழற்றி, துளைச் சுவரில் சுமார் 45 டிகிரியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போடுவார்கள். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால்தானே நல்லது என்று தோன்றும். இல்லை. அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்கும். ரிங் படிவதற்கும் அந்தச் சொரசொரப்பு வேண்டும்.

ஹோனிங் முடிந்த ப்ளாக்கை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு ‘ரெடி சார்’ என்பது பெரிய ஆபத்து. மண்ணெண்ணெய் எண்ணெயைத்தான் கழுவும். கீறலுக்குள் பதுங்கிய கல்தூள் அப்படியே இருக்கும். வண்டி ஓடும்போது அந்தத் தூளே புது ரிங்கை அரைத்துத் தின்றுவிடும். வெந்நீரும் சோப்பும் போட்டு, பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆயில் போகும் சின்னத் துளைகளுக்கு உள்ளேயும் பிரஷ் போக வேண்டும்.

சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? பனியன் வேஸ்ட் வேண்டாம், அதிலேயே நூலும் பஞ்சும் கலர் கலராக வரும். பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை எடுத்து, ஆயிலில் நனைத்துத் துளைக்குள் துடையுங்கள். சாம்பல் நிறம் ஒட்டினால் மறுபடி குளியல். வேட்டி வெள்ளையாகவே வெளியே வந்தால்தான் பாஸ். பாஸானவுடனே ஆயில் தடவிவிட வேண்டும். வெறும் இரும்பு, நம் கடலோரக் காற்றில், நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் செம்பட்டை பூத்துவிடும். வேலை நாளைக்குத்தான் என்றால் ஸ்டாண்டோடு சேர்த்து பாலிதீன் உறை போட்டு மூடிவிடுங்கள்.

பூட்டும்போது ஒவ்வொரு ரிங்கையும் அதன் துளைக்குள்ளேயே வைத்து, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். துளை விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 3, 4 தௌ என்பது பொதுக்கணக்கு. கேப்பை இறுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்பை இறுக்கியதும் சுற்ற மறுக்கிறதோ, அங்கே கோளாறு. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில், டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். ‘என் கையே டார்க் ரெஞ்ச் சார்’ என்பவரிடம் அன்பாகச் சிரித்துவிட்டு, டார்க் ரெஞ்சை நீட்டுங்கள்.

பட்டறையில் கேட்க வேண்டிய அஞ்சு கேள்வி

1. ‘‘இப்போ ப்ளாக் எத்தனை தௌவுல இருக்கு?’’ அளக்காமல் பதில் வந்தால் வண்டியைத் திருப்புங்கள்.

2. ‘‘இருபத்து நாலு அளவையும் எழுதித் தருவீங்களா?’’

3. ‘‘பிஸ்டனை அளந்துட்டுத்தானே போரிங்?’’

4. ‘‘ஹோனிங் முடிஞ்சு எதில் கழுவுவீங்க?’’ ‘சோப்புத் தண்ணி’ என்றால் கையைப் பிடித்துக் குலுக்குங்கள்.

5. ‘‘கேப்புக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கா?’’

கடைசியாக ஒன்று. வேலை முடிந்ததும் இன்றைய தேதி, போட்ட பிஸ்டன் சைஸ், கிராங்க் எத்தனை தௌ தேய்த்தது என்று ஒரு தாளில் எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஜாதகம் இருக்கிறது, இதற்கும் ஒன்று இருக்கட்டும். இருபது வருஷம் கழித்து உங்கள் பேத்தி தார்ப்பாயைத் தூக்கும்போது, அந்த ஒரு மில்லிமீட்டரில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?

சொத்து எழுதி வைக்கிற எத்தனையோ தாத்தாக்களைப் பார்த்துவிட்டோம். 20 தௌவை மிச்சம் வைக்கிற தாத்தாவுக்குத்தான் இந்தக் காலத்தில் பஞ்சம்!